நின்ற நேரத்தின் கணக்கு

கடந்த ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு. மணி பதினொன்றரை இருக்கும். அடுகோடியில், ஓசூர்ச் சாலையை ஒட்டிய என் மாமாவின் பஞ்சர்க் கடையில் நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மேற்படிப்புக்காக இந்நகருக்கு வந்த எனக்குப் பகலில் பல்கலைக் கழகம். இரவில் மாமாவின் கடை.

அப்பொழுது ஒரு கார் தடதடவென்று ஓசையிட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றது. பின்சக்கரம் ஒன்று காற்றிழந்து தரையோடு ஒட்டியிருந்தது. பின்னிருக்கையில் தலையில் கட்டுடன் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் படுத்திருந்தான். அவன் தாய் எங்கள் கடைப் பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டதும், "அண்ணா, எங்க ஊர் ஆஸ்பத்திரியில இங்க கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. சீக்கிரம் போட்டுக் குடுங்கண்ணா" என்று கதறினாள். மருத்துவமனை இரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால், அடிபட்ட பிள்ளையைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்க யாவரும் அஞ்சினோம். சக்கரத்தை மாற்றுவதே வழி என்று மாமா முடிவு செய்தார்.

மாமாவுக்கு இத்தொழிலில் இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம். நானும் துணை நின்றேன். இருவரும் ஓடினோம், வியர்த்தோம். கார் புறப்பட்டபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடங்கள் கழிந்திருந்தன.

அவ்விரவு உறக்கம் வரவில்லை. நான்கு நட்டுகளைக் கழற்றி நான்கு நட்டுகளைப் பூட்ட, இரண்டு பேருக்குப் பதினெட்டு நிமிடம் ஏன்? நடந்தவற்றை நினைவு கூர்ந்து தாளில் எழுதினேன். சரியான ஸ்பானரையும் ஜாக்கியையும் தேடியது ஏறத்தாழ ஆறு நிமிடம். காரை முதலில் தூக்கிவிட்டோம். பின்பு நட்டைத் திருகினால் நட்டோடு சக்கரமும் சுழன்றது. மீண்டும் இறக்கி, நட்டைத் தளர்த்தி, மீண்டும் தூக்கியது நான்கு நிமிடம். ஸ்டெப்னியில் காற்றுப் போதாமல் அதை நிரப்பியது மூன்று நிமிடம். உண்மையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வேலை ஐந்து நிமிடமே!

அதாவது, வேலைக்குச் செலவான நேரத்தைவிட வேலை அல்லாதவற்றுக்குச் செலவான நேரமே மிகுதி. இக்கணக்கை உலகில் மிக நுட்பமாகப் போட்டுப் பார்த்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்திடம் கொண்டு சேர்த்தது. அங்கே, நான்கு சக்கரங்களையும் மாற்றிப் பெட்ரோலும் ஊற்றி அனுப்புகிறார்கள், பத்து வினாடியில்! அது எவ்வாறு இயன்றது என்பதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்டாக் கார் என்பது யாது?

கடையில் விற்பனைக்கு வைத்திருக்கும் சாதாரணக் காரையே 'ஸ்டாக் கார்' என்றனர். அத்தகைய கார்களைக் கொண்டு நடத்தும் பந்தயத்துக்காக 1948-இல் அமெரிக்காவில் 'நாஸ்கார்' என்னும் அமைப்புத் தோன்றியது. அதன் தலைமைப் பிரிவின் முதற் பந்தயம் 1949 ஜூன் மாதத்தில் சார்லட் நகரில் நடந்தது. இன்று ஓடுபவை வெளித்தோற்றத்தில் மட்டுமே சாதாரணக் கார்கள். உள்ளே முழுவதும் பந்தயத்துக்கென்றே அமைந்தவை. ஆயினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இப்பந்தயங்கள் பல, ஐந்நூறு மைல் நீளமானவை. அவ்வளவு தொலைவுக்கு ஒரு தொட்டிப் பெட்ரோலும் போதாது. ஒரு கூட்டு டயரும் தாங்காது. ஆகவே கார் இடையிடையே பாதையை விட்டு விலகி, ஓரத்தில் தன் குழுவினர் காத்திருக்கும் இடத்தில் நின்று செல்ல வேண்டும். அவ்விடத்தைப் 'பிட்' என்பர். அங்கு நிற்பதைப் பிட் நிறுத்தம் என்போம்.

நம் நாட்டில் மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பல்லாண்டுக் காலம் பந்தயங்கள் நடந்தன. பின்னர், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே அமைந்தது. ஆயினும் நம் பந்தயங்கள் பெரும்பாலும் குறுந்தொலைவுப் பந்தயங்கள், நிற்காமலே முடிந்துவிடுவன. ஆதலின் பிட் நிறுத்தக் கலை இங்கு வளர வாய்ப்பில்லை. அக்கலையின் தாயகத்துக்கே சென்று ஓட்டிய தமிழர் ஒருவர் உண்டு. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்பதை யாவரும் அறிவர். அவர் 2010-இல் நாஸ்காரின் டிரக் பிரிவிலும் ஓட்டினார். அவ்வாண்டில் அப்பிரிவின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராக ரசிகர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதைப் பலர் அறியார்.

ஒரு வினாடியின் விலை

மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் எவ்வளவு தொலைவு செல்லும்? 290-ஐ 3.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 80 மீட்டர் வரும். ஒரு காரின் நீளம் ஐந்து மீட்டர் எனக் கொண்டால், ஒரு வினாடி என்பது பதினாறு காரின் நீளம்!

ஒன்றரை மைல் சுற்றளவுள்ள பாதையை அந்த வேகத்தில் ஓடும் கார் முப்பது வினாடியில் ஒரு சுற்று முடித்துவிடும். ஒருவர் பிட்டில் ஒரு நிமிடம் நின்றாரானால் மற்றவர்கள் இரண்டு சுற்று முந்திவிடுவர். எவ்வளவு திறமையான ஓட்டுநரும் இயந்திரத்தைக் கொண்டு அவ்விழப்பை ஈடு செய்தல் அரிது.

இன்னொன்றும் உண்டு. பாதையில் விபத்து நேர்ந்தால் மஞ்சள் கொடி காட்டுவர். அப்போது எல்லாக் கார்களும் மெதுவாக வரிசையில் செல்லும். இத்தருணத்தில் நின்றால் இழப்புக் குறைவு. ஆகவே பலரும் ஒரே வேளையில் பிட்டுக்கு வருவர். யார் முதலில் வேலை முடித்து வெளியேறுகிறாரோ அவரே மறுபடி தொடங்கும்போது முன்வரிசையில் நிற்பார். அரை வினாடித் தாமதம் மூன்று நான்கு இடங்களைப் பறித்துவிடும். பாதையில் ஒரு மணி நேரம் போராடிப் பெற்றதைப் பிட்டில் ஒரு மூச்சில் இழக்கலாம். நின்ற நேரத்துக்கும் வேகம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

வுட் சகோதரர்கள்

தொடக்கக் காலத்தில் இதனை யாரும் பெரிதாக எண்ணவில்லை. கார் வந்து நிற்கும், சக்கரம் மாற்றுவதற்கு நான்கு முனை ஸ்பானர், தூக்குவதற்குச் சாதாரண ஜாக்கி, ஓட்டுநர் இளைப்பாறுவார். நிமிடக் கணக்கில் நேரம் கழியும்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டூவர்ட் என்னும் சிற்றூரில் வுட் சகோதரர்கள் வாழ்ந்தனர். மூத்தவர் கிளென் வுட் 1950-இல் பந்தயக் குழு ஒன்றைத் தொடங்கினார். தம்பி லெனார்ட் வுட் இயந்திர நுட்பத்தில் வல்லவர். பெரும் பணமின்றிக் குடும்பமாக உழைத்த இவர்கள் ஓர் எளிய உண்மையைக் கண்டனர். இயந்திரத்தைச் செப்பம் செய்து ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு பெறுவதற்குப் பெருஞ்செலவாகும். ஆனால் பிட்டில் பத்து வினாடி குறைப்பதற்கு மூளையும் பயிற்சியும் போதும்.

அவர்கள் செய்தவை மூன்று. ஒவ்வொருவருக்கும் ஒரே வேலையைப் பிரித்துக் கொடுத்தனர். யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் சுற்றி ஓடுவது என்பதை வரையறுத்தனர். கருவிகளைத் திருத்தினர், ஜாக்கியைக் கனம் குறைந்ததாக்கி, சில அழுத்தங்களிலேயே கார் எழும்புமாறு லெனார்ட் மாற்றியமைத்தார். மூன்றாவதாக, பந்தயம் இல்லாத நாளிலும் பயின்றனர். நாடக மேடையில் நடிகர் ஒத்திகை பார்ப்பதுபோல இவர்கள் சக்கரம் மாற்றி ஒத்திகை பார்த்தனர்.

பெட்ரோல் பாயும் கணக்கு

அவர்கள் புகழ் 1965-இல் உலகறிய விளங்கியது. அவ்வாண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஸ்காட்லாந்து வீரர் ஜிம் கிளார்க், போர்டு இயந்திரம் பொருந்திய லோட்டஸ் காரை ஓட்டினார். போர்டு கம்பெனியார் வுட் சகோதரர்களை அழைத்து அக்காரின் பிட் வேலையை ஒப்படைத்தனர்.

முந்திய ஆண்டுப் பந்தயத்தில் கொடிய தீ விபத்து நேர்ந்து இரு ஓட்டுநர்கள் மாண்டனர். அதனால் அழுத்தத்தைக் கொண்டு எரிபொருள் செலுத்துவது தடை செய்யப்பட்டது. உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து தானே இறங்கும் முறையையே கையாள வேண்டும். அங்ஙனமானால் விரைவு எவ்வாறு பெறுவது? இங்கேதான் நம் பாடப் புத்தகம் உதவிக்கு வருகிறது.

உயரத்திலுள்ள திரவம் கீழே வெளிவரும் வேகம், உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது டாரிசெல்லியின் விதி. ஒரு மீட்டர் உயரமானால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், இரண்டு மீட்டரானால் 6.3 மீட்டர். உயரத்தை இரு மடங்காக்கினாலும் வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. ஆகவே உயரத்தைக் கூட்டுவதில் பயன் குறைவு. ஆனால் திரவம் வெளியேறும் வாயின் வடிவத்தில் ஒரு மறைபொருள் உண்டு. கூர்மையான விளிம்புள்ள துளையில் திரவம் நெருங்கி ஒடுங்கிச் செல்கிறது. கணக்குப்படி வரவேண்டிய அளவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே வெளிவரும். அதே துளையின் உள்விளிம்பை வளைவாக இழைத்து மென்மையாக்கினால் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேலும் வரும். துளையின் அளவு மாறவில்லை, உயரம் மாறவில்லை, விதியும் மீறப்படவில்லை. வழியிலிருந்த தடை மட்டும் நீங்கியது.

லெனார்ட் வுட் கல்லூரியில் திரவ இயக்கவியல் கற்றவரல்லர். ஆயினும் எரிபொருள் செல்லும் வழியின் உட்புறத்தை இழைத்து மென்மையாக்கும் வேலையை இண்டியானாபொலிசில் அவர் கவனத்துடன் செய்தார். கிளார்க் நின்றது இரண்டே முறை. இரண்டுக்கும் சேர்த்து 44.5 வினாடிகள். இருநூறு சுற்றில் நூற்றுத் தொண்ணூறு சுற்று அவரே முன்னணியில் இருந்தார், வெற்றியும் பெற்றார். மணிக்கு 150 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் அப்பந்தயம் முடிந்தது அதுவே முதன்முறை. பார்த்திருந்த மற்றக் குழுவினர் அன்று முதல் பிட்டை இளைப்பாறும் இடமாகக் கருதவில்லை.

நட்டும் துப்பாக்கியும்

அடுத்த முன்னேற்றம் கருவியில் வந்தது. கைகளால் திருகும் ஸ்பானருக்குப் பதிலாக அழுத்தக் காற்றால் இயங்கும் துப்பாக்கி வந்தது. இன்று நம் ஓசூர்ச் சாலை டயர்க் கடைகளிலும் 'ஏர் கன்' என்ற பெயரில் அதைக் காணலாம்.

அதன் தத்துவம் எளிது. ஆணியை விரலால் அழுத்தினால் மரத்தில் இறங்காது. சுத்தியலால் அடித்தால் இறங்கும். சுத்தியல் வரும் வழியெல்லாம் சேர்த்த உந்தத்தைக் கணப்பொழுதில் கொடுத்துவிடுகிறது. துப்பாக்கியினுள்ளும் ஒரு சிறு சுத்தியல் சுழல்கிறது. சுழன்று உந்தம் சேர்த்து, அச்சில் மோதி அதை விடுகிறது. மீண்டும் சுழல்கிறது, மீண்டும் மோதுகிறது. இவ்வாறு வினாடிக்குப் பல முறை மோதுவதால் இறுகிய நட்டும் அசைகிறது. பிடித்திருப்பவர் கைக்கோ அதிர்ச்சி குறைவு.

சக்கரம் ஒன்றுக்கு அப்போது ஐந்து நட்டுகள். நான்கு சக்கரத்துக்கு இருபது கழற்ற வேண்டும், இருபது பூட்ட வேண்டும். ஆக நாற்பது வேலைகள். கைகளால் நட்டை எடுத்துப் பொருத்தினால் எத்துணை நேரமாகும்! அதற்கும் வழி கண்டனர். புதிய சக்கரத்தின் துளைகளில் நட்டுகளை முன்னரே பசையால் ஒட்டி வைத்தனர். சக்கரத்தை மாட்டும்போதே நட்டும் தன்னிடத்தில் வந்து நிற்கும். மரையாணியின் நுனியை மரையின்றி நீட்டி, நட்டு கோணாமல் உள்ளே வழுக்கிச் செல்லச் செய்தனர். நட்டைப் பொருத்தும் வேலை பந்தயத்துக்கு முந்தியே முடிந்துவிடுகிறது!

இங்கு ஒரு பொது விதி தோன்றுகிறது. கார் நிற்கும்போதுதான் செய்யக்கூடிய வேலை ஒரு வகை. கார் வருமுன்னரே செய்து வைக்கக்கூடிய வேலை மற்றொரு வகை. இரண்டாம் வகையை முதல் வகையிலிருந்து பிரித்தெடுத்தால் நின்ற நேரம் குறைகிறது. என் மாமா கடையில் ஸ்பானர் தேடிய ஆறு நிமிடமும் காற்று நிரப்பிய மூன்று நிமிடமும் இந்த இரண்டாம் வகையே அல்லவா?

தொழிலாளியா, விளையாட்டு வீரரா?

1990-களின் தொடக்கம் வரையில் பிட்டில் சக்கரம் மாற்றியவர்கள் மெக்கானிக்குகளே. வாரம் முழுதும் பட்டறையில் உழைத்தவர்கள் ஞாயிறன்று சக்கரமும் மாற்றினர். அக்காலத்தில் நான்கு சக்கரம் மாற்ற இருபது வினாடி போல ஆகும்.

ஜெப் கார்டன் என்னும் இளம் ஓட்டுநரின் குழுத் தலைவர் ரே எவர்னம் இதனை மாற்றினார். அவர் குழுவில், ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஆண்டி பாபதனாசியூ பயிற்சியாளரானார். 'இஃது இயந்திர வேலையன்று. உடற்பயிற்சி' என்பது இவர்கள் கொள்கை. ஆட்டக்காரருக்குப் போலவே ஓட்டம், எடை தூக்குதல், காலடிப் பயிற்சி எல்லாம் அளித்தனர். பிட்டுக்கு மேலே கம்பத்தில் காமிராவைப் பொருத்திப் படமெடுத்து, ஒவ்வொரு காலடியையும் ஆராய்ந்தனர். ஓர் அடி வீணானால் அதை நீக்கினர். கார்டன் 1995, 1997, 1998 ஆண்டுகளில் எவர்னம் தலைமையில் வாகை சூடினார். பிட் நேரம் பதினைந்து வினாடியை நெருங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் மேலும் குறைந்தது.

இப்போது பெரிய குழுக்கள் கல்லூரி விளையாட்டு வீரர்களைத் தேடிச் சென்று சேர்க்கின்றன. கூடைப்பந்து ஆடிய பிரெஹானா டேனியல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி சக்கரம் மாற்றுபவராகப் பயின்று, 2018-இல் தலைமைப் பிரிவுப் பந்தயத்திலேயே பணி புரிந்தார். இருபது கிலோவுக்கு மேற்பட்ட சக்கரத்தையும், நிரம்பினால் ஏறத்தாழ நாற்பது கிலோ கனக்கும் பெட்ரோல் கலத்தையும் தூக்கி ஓடும் வேலையில், பயிற்சியே பெரிது என்பதற்கு இது சான்று.

ஆனால் இதில் சிந்திக்க ஒன்று உண்டு. காரைத் தன் கையால் கட்டிய மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமை வேலியின் அப்புறம் நின்று வேடிக்கை பார்க்க நேர்ந்தது. வேகம் கூடும்போதெல்லாம் யாரோ ஒருவர் வரிசையிலிருந்து விலக்கப்படுகிறார். பட்டறைகளின் நடுவில் வாழும் நமக்கு இது புரியாததன்று.

ஐந்து நட்டு ஒன்றான கதை

பிட் சுவரைத் தாண்டிச் செல்வோர் முன்பு ஏழு பேர். 2011-இல் புது வகைக் கலம் வந்தபின், வழியும் பெட்ரோலைப் பிடிக்க நின்றவர் தேவையற்றுப் போனார்; ஆறு பேரானார்கள். 2018-இல் விதி அதை ஐந்தாக்கியது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வகைத் துப்பாக்கியே வழங்கப்பட்டது; பணம் படைத்தவர் மட்டும் சிறந்த துப்பாக்கி செய்துகொள்வதை இது தடுத்தது. நேரம் சற்றே கூடியது. குழுவினர் புதிய காலடிகளை வகுத்து மீண்டும் குறைத்தனர்.

2022-இல் பெரிய மாற்றம் வந்தது. புதிய காரில் ஐந்து நட்டுக்குப் பதிலாகச் சக்கரத்தின் நடுவே ஒரே பெரிய நட்டு. நாற்பது நட்டு வேலை எட்டாகச் சுருங்கிற்று! ஐந்தில் ஒரு பங்கானால் நேரமும் ஐந்தில் ஒரு பங்காக வேண்டுமன்றோ? பன்னிரண்டு வினாடி, இரண்டரை வினாடி ஆயிற்றா? இல்லை. சிறந்த குழுக்களுக்கு இன்று ஒன்பது, பத்து வினாடி ஆகிறது. ஏன்?

ஐந்து நட்டையும் கழற்றத் தேர்ந்தவருக்கு முன்பே ஒன்றரை வினாடிக்கு மேல் ஆவதில்லை. மீதி நேரம், சுவர் தாண்டி ஓடுதல், வலப்பக்கம் தூக்குதல், மாற்றுதல், இறக்குதல், காரைச் சுற்றி இடப்பக்கம் ஓடுதல், மீண்டும் தூக்குதல் ஆகியவற்றுக்கே செலவாயிற்று. ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும், மாறாத பகுதி முழு நேரத்துக்கும் எல்லை கட்டிவிடும். கணிப்பொறி பயிலும் நண்பர்கள் இதனை ஆம்டாலின் விதி என்று அறிவார்கள். சமையலறையிலும் இதே விதிதான். சாம்பார் கொதித்துவிட்டாலும் சோறு வேகாவிட்டால் பந்தி போட முடியாது.

முன்பு சக்கரம் சோறாக இருந்தது. இன்று பெட்ரோல் சோறாகிவிட்டது. தொட்டி நிறையப் பெட்ரோல் வேண்டிய வேளையில், சக்கரம் மாற்றி முடிந்த பின்னும் கார் பெட்ரோலுக்காகக் காத்து நிற்பதுண்டு. ஒரு தடையை நீக்கினால் அடுத்த தடை தலைகாட்டும்.

பார்முலா ஒன் பந்தயத்தில் இரண்டு வினாடியில் முடிக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். 2023-இல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் குழு 1.80 வினாடியில் நான்கு சக்கரம் மாற்றியது மெய்யே. ஆனால் அங்கே ஏறத்தாழ இருபது பேர், சக்கரத்துக்கு மூவர், காரின் முன்னும் பின்னும் ஒருங்கே தூக்கப்படும், 2010 முதல் பந்தயத்தினிடையே எரிபொருள் ஊற்றுவதும் இல்லை. நாஸ்காரில் ஐவரே, ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கம். விதிகள் வேறாதலால் ஒப்பிடுதல் பொருந்தாது.

விரைவுக்கு ஓர் எல்லை

இவ்விரைவு உயிர்ப்பலி இன்றி வந்ததன்று. 1990 நவம்பரில் அட்லாண்டா பந்தயத்தில், பிட் பாதைக்குள் கட்டிழந்து சுழன்று வந்த கார் ஒன்று, சக்கரம் மாற்றிக்கொண்டிருந்த மைக் ரிச் என்பவர் மேல் மோதியது. அவர் இறந்தார். அதற்குமுன் பிட் பாதையில் எவ்வளவு வேகமாகவும் ஓட்டலாம். 1991 முதல் வேக வரம்பு விதிக்கப்பட்டது. பின்னர்ப் பணியாளர்க்குத் தலைக்கவசமும் கட்டாயமாயிற்று. கார் பிட் பாதையில் மெதுவாகச் சென்றே தீரவேண்டும். நின்றபின் குழுவினர் எவ்வளவும் விரையலாம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று.

2022-இல் மற்றொரு பாடம். ஒற்றை நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால் அதைத் தாங்க வேறு நட்டு இல்லை. சக்கரமே கழன்று ஓடும். அவ்வாண்டில் சில கார்களுக்கு அவ்வாறு நேர்ந்தது. குழுத் தலைவரும் பணியாளர் இருவரும் நான்கு பந்தயங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டனர். அரை வினாடி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத உழைப்பை இழந்தார்கள்.

பந்தயத்துக்கு அப்பால்

'யாரோ பணக்காரர் விளையாட்டில் நமக்கென்ன?' என்று கேட்கலாம். இக்கலை விளையாட்டோடு நிற்கவில்லை.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியியலறிஞர் தொழிற்சாலையில் இதே பிரிவினையைக் கையாண்டார். 1969-இல் டொயோட்டா தொழிற்சாலையில் ஆயிரம் டன் அழுத்து இயந்திரத்தின் அச்சை மாற்ற நான்கு மணி நேரமாயிற்று. இயந்திரம் நிற்கும்போது செய்ய வேண்டியது எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரித்து, முடிவில் மூன்று நிமிடத்தில் மாற்றிக் காட்டினார். நம் அடுகோடியும் மோட்டார்த் தொழிலுக்கு அந்நியமான இடமன்று. 1950-களில் தொடங்கிய மைகோ தொழிற்சாலை இங்குதான் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. அத்தொழிலை நம்பி நம்மவர் பலர் இங்கே குடியேறினர். இன்று உற்பத்தி பிடதிக்குச் சென்றுவிட்டது. அவ்விடம் 2022 முதல் பாஷ் நிறுவனத்தின் தொழில் நுட்ப வளாகமாக விளங்குகிறது.

இதனினும் நெஞ்சைத் தொடுவது லண்டனில் நடந்தது. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இருதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் வேளையில் பிழைகள் நேர்ந்தன. குழாய்களையும் கருவிகளையும் பலர் ஒருங்கே மாற்ற, ஒருவர் சொல்வது மற்றவர் செவியில் விழவில்லை. மருத்துவர்கள் மார்ட்டின் எலியட், ஆலன் கோல்ட்மன் முதலியோர் பார்முலா ஒன் குழுவினரின் பிட் வேலையைக் கற்றறிந்தனர். பெராரி குழுவினரிடம் சென்று ஆலோசித்தனர். தலைமை ஒருவர்க்கே, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒவ்வொருவருக்கும் ஓரிடம், கருவி வேலை முடிந்தபின்பே பேச்சு என்று முறை வகுத்தனர். 2007-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, ஒரு மாற்றத்துக்குச் சராசரி 5.42 ஆக இருந்த தொழில் நுட்பப் பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. நேரம் கூடவில்லை, 10.8 நிமிடம் 9.4 ஆகச் சிறிது குறையவே செய்தது. அவர்கள் தேடியது விரைவன்று, ஒழுங்கு. விரைவு பின்னால் தானே வந்தது.

மாமாவின் கடை இன்று

நான் இவற்றை எல்லாம் மாமாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "ஏன் மாப்ளே, என் கடையில என்ன கார் ரேசா ஓடுது?" என்றார். பதினெட்டு நிமிடக் கணக்கை எழுதிய தாளைக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு பலகை வாங்கினோம். ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும் அதில் வரைந்து ஆணி அடித்தோம். எடுத்த கருவி திரும்ப வராவிட்டால் வெற்றுருவம் காட்டிக் கொடுத்துவிடும். ஜாக்கிக்கும் குறுக்கு ஸ்பானருக்கும் வாசலருகே ஓரிடம். வண்டி வந்ததும் ஒருவர் ஸ்டெப்னியில் காற்றுப் பார்க்கும்போதே மற்றவர் நட்டைத் தளர்த்துவார். சக்கரம் தரையில் இருக்கும்போது தரையின் உராய்வே அதைச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பின்பே தூக்குதல். நட்டை எதிரெதிராகப் பூட்டி, கீழே இறக்கியபின் இறுதியாக ஒரு முறை இறுக்குதல். இந்தக் கடைசி வேலையை மட்டும் எவ்வளவு அவசரமானாலும் விடுவதில்லை என்பது மாமாவின் கட்டளை.

இப்போது சராசரி ஆறு நிமிடமாகிறது. யாரும் ஓடுவதில்லை, வியர்ப்பதும் குறைவு. அவசரம் வேறு, விரைவு வேறு என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். மாமா ஒரு பலகையும் பத்து ஆணியும் கொண்டு செய்து காட்டிவிட்டார்.

சில வாரங்களுக்குப் பின் அதே காரின் ஓட்டுநர் டயர் மாற்ற வந்தார். சிறுவன் பிழைத்துக்கொண்டான், பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டான் என்று சொன்னார். மாமா அவரிடம் காசு வாங்கவில்லை. அவர் சென்றபின், "மாப்ளே, அன்னைக்கு பன்னெண்டு நிமிஷம் நம்மகிட்ட சும்மா கிடந்துச்சு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, அது நம்ம அதிர்ஷ்டம்" என்றார்.

நண்பர்களே, அதிர்ஷ்டத்தை நம்பிக் கிடக்கும் நிமிடங்கள் நம் விடுதியிலும் ஆய்வகத்திலும் அலுவலகங்களிலும் எத்தனை உள்ளன! தாளும் எழுதுகோலும் கொண்டு ஒரு நாள் கணக்கிட்டுப் பாருங்கள். எது முன்னரே செய்யத்தக்கது, எது ஒரே வேளையில் செய்யத்தக்கது, எது தேவையே இல்லாதது என்று மூன்றாகப் பிரியுங்கள். நாம் பயிலும் அறிவியல், நம் தெருவில் நிற்கும் ஒரு வண்டியை ஒரு நிமிடம் முன்னதாக அனுப்புமாயின், அதுவும் அதற்குப் பெருமையே.